ஹுகூமத்-எ-இலாஹியா: ஒரு சொல்லின் ஹைதராபாத் வரலாறு

‘ஹுகூமத்-எ-இலாஹியா’ என்பது இறையாட்சியைக் குறிக்கும் உருதுத் தொடர். அரபுச் சொற்கள் இரண்டைப் பாரசீக முறையில் கோத்து அமைந்தது இது. ‘இலாஹ்’ என்றால் இறைவன். ‘இலாஹி’ என்றால் இறைவனுக்கு உரியது. ‘ஹுகூமத்’ என்றால் ஆட்சி. நடுவில் நிற்கும் ‘எ’ இரண்டையும் பிணைக்கும் பாரசீகச் சாரியை. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்திய முஸ்லிம்களின் அரசியல் விவாதங்களில் இத்தொடர் அடிக்கடி அடிபட்டது. கல்கத்தாவில் 1912இல் அபுல் கலாம் ஆசாத் தொடங்கிய ‘அல்-ஹிலால்’ இதழின் காலத்திலேயே அது புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1943இல் மஜ்லிஸ்-எ-அஹ்ரார் கட்சி அதைத் தன் கோரிக்கையாகவே அறிவித்தது. ஆனால் அதற்கு ஒரு முழு அரசியல் கோட்பாட்டின் வடிவத்தைக் கொடுத்தவர் அபுல் அஃலா மௌதூதி. நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தைச் சேர்ந்த அவுரங்காபாத்தில் 1903 செப்டம்பர் 25 அன்று பிறந்த அவர், சிந்தனையாளராக முதிர்ந்தது ஹைதராபாத் நகரத்தில். ஆட்சிக்கும் இறைவனுக்கும் என்ன உறவு என்ற கேள்வி அந்த நகரத்தின் நாணயத்திலும் பள்ளிவாசல் பிரசங்கத்திலும் மன்னரின் பட்டங்களிலும் பல தலைமுறைகளாகப் பதிந்திருந்தது. அந்தப் பின்னணியோடு சேர்த்துப் படித்தால்தான் இச்சொல் எதை மறுத்து எழுந்தது என்பது விளங்கும்.

சொல்லின் வேர் ஹ-க-ம என்னும் மூன்று மெய்கள். குதிரையின் வாயில் மாட்டும் கடிவாள இரும்புக்கு அரபியில் ‘ஹகமா’ என்று பெயர். அடக்குவது, தடுத்து நிறுத்துவது என்பதே அந்த வேரின் பழைய பொருள் என்று அரபு அகராதிக்காரர்கள் இதைக் காட்டி விளக்குவார்கள். தவறு செய்பவனைத் தடுப்பது தீர்ப்பு, அது ‘ஹுக்ம்’. தீர்ப்புச் சொல்பவர் ‘ஹாகிம்’. தன்னைத் தானே அடக்கத் தெரிந்த அறிவு ‘ஹிக்மத்’. அந்த அறிவு உடையவர் ‘ஹகீம்’. தமிழ்நாட்டு ஊர்களில் யுனானி வைத்தியரை ஹகீம் என்று அழைப்பதும் இந்த வழியில் வந்ததுதான். ‘ஹுகூமா’ என்பதற்கும் அரபியில் முதலில் இருந்த பொருள் வழக்கைத் தீர்ப்பதே. அரசாங்கம் என்ற பொருள் அதற்கு வெகுவாகப் பிந்தி, உதுமானியத் துருக்கி வழியாக வந்து சேர்ந்தது. ஆகவே ஹுகூமத்-எ-இலாஹியா என்ற தொடர் வேதகாலத்துத் தொன்மை கொண்டது போல ஒலித்தாலும், அது நவீன காலத்து ஆக்கம்.

இத்தொடரை ஏற்றவர்கள் மேற்கோள் காட்டும் ஆதாரம் குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தில் உள்ளது. சிறையில் கிடக்கும் யூசுஃப் நபி, உடனிருக்கும் கைதிகள் இருவரிடம் பேசுகிறார். பல தெய்வங்களை வணங்குவது பொருளற்றது, ஹுக்ம் இறைவன் ஒருவனுக்கே உரியது என்கிறார். அங்கே பேச்சு வழிபாட்டைப் பற்றியது. ஆனால் கி.பி. 657இல் இதே வாசகம் அரசியல் முழக்கமாயிற்று. சிஃப்பீன் போரில் கலீஃபா அலீயும் முஆவியாவும் தங்கள் தகராறை நடுவர்களிடம் விட ஒப்புக்கொண்டார்கள். அலீயின் படையில் ஒரு பகுதியினர் அதைக் கண்டித்து, தீர்ப்பளிக்கும் உரிமை மனிதருக்கு இல்லை, இறைவனுக்கே என்று கோஷமிட்டு வெளியேறினார்கள். காரிஜிகள் என்று பின்னர் பெயர்பெற்றவர்கள் அவர்களே. வாசகம் உண்மையானது, அதைச் சொல்லும் நோக்கம் தவறானது என்று அலீ பதில் சொன்னதாக மரபு கூறுகிறது. தீர்ப்பு இறைவனுடையது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகும், அதை மனிதரில் யார் வாய்திறந்து சொல்வது என்ற கேள்வி அப்படியே நின்றது. இறையாட்சியைக் குறிக்கும் சொற்கள் எந்த மொழியில் பிறந்தாலும் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கின்றன.

மேலைநாடுகளில் வழங்கும் ‘தியாக்ரசி’ என்ற சொல்லும் இதற்கு விலக்கல்ல. அதை உருவாக்கியவர் ஃபிளேவியஸ் ஜோசிஃபஸ் என்னும் யூத வரலாற்றாசிரியர். எருசலேமின் குருமார் குடும்பத்தில் கி.பி. 37இல் பிறந்தவர், ரோமுக்கு எதிரான யூதர்களின் போரில் கலிலேயாவில் படை நடத்திச் சிறைப்பட்டவர், பிறகு ரோம் நகரில் பேரரசரின் ஆதரவில் வாழ்ந்தவர். எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் எரிந்து போயிருந்தது. யூதர்களை இழிவாகப் பேசியவர்களுக்கு மறுப்பாக முதல் நூற்றாண்டின் இறுதியில் அவர் கிரேக்க மொழியில் எழுதிய ‘அப்பியோனுக்கு எதிராக’ என்ற நூலில் இச்சொல் வருகிறது. ஒருவர் ஆள்வது, சிலர் ஆள்வது, மக்கள் திரள் ஆள்வது என்று கிரேக்கர்கள் அரசுகளை வகைப்படுத்தினார்கள். மோசே அமைத்த அரசு இவற்றில் எதுவும் இல்லை என்று காட்ட அவருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கடவுளைக் குறிக்கும் ‘தியோஸ்’, அதிகாரத்தைக் குறிக்கும் ‘க்ராட்டோஸ்’ இரண்டையும் சேர்த்து ‘தியோக்ராட்டியா’ என்றார். மொழியைச் சற்று வலிந்து வளைத்துத்தான் சொல்கிறேன் என்று அவரே ஒப்புக்கொள்ளவும் செய்தார். அவர் சொன்ன பொருளில் அரசன் கடவுளே. ஆனால் அதே நூலில், அந்த அரசின் நிர்வாகம் குருமாரிடம் இருந்ததையும் அவர் பெருமையாகக் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் சொல்லின் பொருள் அந்தப் பக்கமே சாய்ந்து, மதகுருமார் ஆளும் அரசு என்றாகிவிட்டது.

ஜோசிஃபஸ் கருதிய பொருளில், தெய்வத்தையே அரசனாக வைத்த நாடுகள் இந்தியாவில் சில உண்டு. ஒடிசாவில் 13ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் மூன்றாம் அனங்கபீமன் நாட்டைப் புருஷோத்தம ஜகந்நாதருக்கு உரியதாக்கி, தான் அவருடைய பிரதிநிதி என்று கல்வெட்டுகளில் சொல்லிக்கொண்டான். திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரி 3 அன்று தன் உடைவாளைப் பத்மநாப சுவாமியின் சன்னதியில் வைத்து நாட்டை ஒப்படைத்தார். அந்தத் திருப்படித்தானத்துக்குப் பிறகு வந்த மன்னர்கள் பத்மநாபதாசர்கள். மதுரையில் இன்றும் சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடக்கிறது. முடிசூட்டிச் செங்கோல் கொடுக்கிறார்கள். அம்மன் சார்பில் அந்தச் செங்கோலைக் கோயில் நிர்வாகத்தின் பொறுப்பாளர் பெற்றுக்கொள்கிறார். ஆவணி மூலத் திருவிழாவில் ஆட்சி சுந்தரேசுவரருக்கு மாறுகிறது. தமிழில் ‘இறை’ என்ற சொல் கடவுள், மன்னன், மன்னனுக்குச் செலுத்தும் வரி ஆகிய மூன்றையும் குறித்திருக்கிறது. திருக்குறளில் ‘இறைமாட்சி’ என்ற அதிகாரம் அரசனின் சிறப்பைப் பேசுவது. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு விவிலியம் ‘இறையாட்சி’ என்ற சொல்லை இயேசுவின் போதனையில் வரும் கடவுளின் அரசுக்கு ஆண்டதால், தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அது மன்றாட்டில் பழகிய சொல்லாயிற்று.

ஹைதராபாத்தில் இந்தக் கேள்வி முதலில் பள்ளிவாசலின் ‘மிம்பர்’ என்னும் பிரசங்க மேடையில்தான் எழுந்தது. நகரத்தை உருவாக்கிய கோல்கொண்டாவின் குதுப் ஷாஹி சுல்தான்கள் ஷியாக்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா பிரசங்கத்தில் பன்னிரு இமாம்களின் பெயர்களைச் சொல்ல வைத்தார்கள். ஈரானிய மன்னர் ஷாவின் பெயரும் சேர்ந்து வந்தது. குத்பாவில் யாருடைய பெயர் வருகிறதோ அவரே மேலான அரசர் என்பது முஸ்லிம் உலகின் நெடுநாள் வழக்கம். 1636இல் ஷாஜஹான் தக்காணத்துக்குப் படையோடு வந்தபோது அவர் கேட்டது நிலத்தை மட்டுமல்ல. சுல்தான் அப்துல்லா குதுப் ஷா எழுதிக்கொடுத்த பணிவுப் பத்திரத்தில், இமாம்களின் பெயர்களையும் ஈரான் ஷாவின் பெயரையும் நீக்கி, முதல் நான்கு கலீஃபாக்களின் பெயர்களையும் ஷாஜஹானின் பெயரையும் குத்பாவில் சேர்ப்பதாக உறுதி தந்தார். நாணயத்திலும் முகலாயரின் பெயரைப் பொறிக்கவும், ஆண்டுக்கு இரண்டு லட்சம் ஹூன் கப்பம் கட்டவும் ஒப்புக்கொண்டார். சுல்தான் அரியணையில் இருந்தார், கோட்டை அவரிடமே இருந்தது, வரியும் அவருக்கே வந்தது. ஆனால் இறைவனுக்கு முன் யார் பெயரால் நாடு ஆளப்படுகிறது என்பது மாறிவிட்டது. 1687இல் அவுரங்கசீப் கோல்கொண்டாவைப் பிடித்தபோது மிச்சமிருந்ததும் போயிற்று.

அதன் பின் வந்த ஆசஃப் ஜாஹி வம்சத்தின் பட்டங்கள் வேறு விதமாகப் பேசுகின்றன. மீர் கமருத்தீன் கானுக்கு ‘நிஜாம்-உல்-முல்க்’ என்ற பட்டத்தை 1713இல் பேரரசர் ஃபரூக்சியர் கொடுத்தார். நாட்டை ஒழுங்குபடுத்துபவர் என்பது பொருள். 1724 அக்டோபரில் ஷகர் கேடா போரில் முபாரிஸ் கானை வென்று தக்காணம் அவர் கைக்கு வந்தபின், மறு ஆண்டில் முகமது ஷா அவருக்கு ‘ஆசஃப் ஜா’ பட்டத்தை வழங்கினார். சுலைமான் நபியின் அமைச்சரின் பெயர் ஆசஃப் இப்னு பர்கியா என்கிறது மரபு; ஷேபா அரசியின் சிம்மாசனத்தைக் கண் இமைக்கும் நேரத்தில் கொண்டுவந்து நிறுத்திய ஞானி அவரே என்பார்கள். ஆசஃப் ஜா என்றால் அந்த ஆசஃபின் தகுதிக்கு நிகரானவர். இரண்டுமே அமைச்சருக்குரிய பட்டங்கள். ஒரு பேரரசர் மேலே இருக்கிறார், அவருக்குக் கீழே நிற்பவர் இவர் என்பதே அவற்றின் உட்பொருள். சுதந்திர மன்னராக வாழ்ந்த ஒரு வம்சம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் அமைச்சரின் பட்டத்தையே சூடிக்கொண்டிருந்தது இந்திய வரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தி.

நாணயங்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். 1857 வரை ஹைதராபாத் நாணயங்கள் டெல்லிப் பேரரசரின் பெயரிலேயே அச்சாயின. ஆட்சியிலிருக்கும் நிஜாம் தன் பெயரின் முதலெழுத்தை மட்டும் ஓரத்தில் சேர்த்துக்கொள்வார். பகதூர் ஷா ஜஃபர் நாடுகடத்தப்பட்டு முகலாய அரசு முடிந்ததும், யார் பெயரை அச்சிடுவது என்ற கேள்வி எழுந்தது. ஹைதராபாத் விக்டோரியாவின் பெயரைப் போடவில்லை. ‘நிஜாம்-உல்-முல்க் ஆசஃப் ஜா பகதூர்’ என்ற பட்டமும், அதோடு 92 என்ற எண்ணும் நாணயத்தில் ஏறின. அரபு எழுத்துகளுக்கு எண்மதிப்புத் தரும் அப்ஜத் கணக்கில் மீம் 40, ஹே 8, மீண்டும் மீம் 40, தால் 4, கூட்டினால் 92. அது முஹம்மது என்ற பெயரின் மதிப்பு. பேரரசரின் பெயர் இருந்த இடத்தில் நபியின் பெயர் எண்ணாக வந்து உட்கார்ந்தது. மேலே ஒருவரைக் காட்டாமல் அந்த நாணயத்தால் நிற்க முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சார்மினார் ரூபாயில், கட்டடத்தின் வாசல் வளைவுக்குள் மஹ்பூப் அலீ கானுக்கு மீம் என்ற எழுத்தும், 1911இல் பட்டத்துக்கு வந்த உஸ்மான் அலீ கானுக்கு ஐன் என்ற எழுத்தும் பொறிக்கப்பட்டன.

நாணயம் இப்படிப் பணிவு காட்ட, அரசவை வேறு மொழி பேசியது. நிஜாமை ‘ஜில்-எ-சுப்ஹானி’ என்று போற்றினார்கள். இறைவனின் நிழல் என்பது பொருள். ‘ஜில்லுல்லாஹ்’, ‘ஜில்-எ-இலாஹி’ என்றும் இது வழங்கும். சுல்தான் பூமியில் இறைவனின் நிழல், ஒடுக்கப்பட்டவர் அதன் கீழ் வந்து ஒதுங்கலாம் என்ற பழைய வாக்கிலிருந்து வந்த பட்டம் இது; அப்பாசிய கலீஃபாக்கள் முதல் முகலாயர் வரை பலர் இதை ஏற்றார்கள். முதல் கலீஃபா அபூபக்ரை ஒருவர் ‘இறைவனின் கலீஃபா’, அதாவது பிரதிநிதி, என்று அழைத்தபோது, தான் இறைத்தூதரின் கலீஃபா மட்டுமே என்று அவர் திருத்தியதாக ஒரு செய்தி உண்டு. ஆயினும் சில பத்தாண்டுகளில் உமையாக்களின் அப்துல் மலிக், இறைவனின் கலீஃபா என்றே நாணயத்தில் பொறித்துக்கொண்டார். நிழலுக்கு ஒரு வசதி உண்டு. அது பொருளைப் போலத் தோன்றும், ஆனால் பொருளுக்கு எந்தப் பொறுப்பும் சொல்லாது.

இந்தப் பட்டங்களை மட்டும் வைத்து நிஜாமின் அரசை மதகுருமார் அரசு என்று சொல்வது பொருந்தாது. 1853இல் திவானாக வந்த முதலாம் சாலார் ஜங் காலத்திலிருந்து அதிகாரம் கச்சேரிகளுக்கும் கோப்புகளுக்கும் போய்ச் சேர்ந்தது. நிர்வாகத்தையும் நீதித்துறையையும் 1921இல் பிரித்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில்கூட அப்போது அது நடக்கவில்லை. இந்துக்களான சந்து லாலும் மகாராஜா கிஷன் பிரசாத்தும் பிரதம மந்திரிகளாக இருந்தவர்கள். ‘உமூர்-எ-மஜ்ஹபி’ என்ற சமய விவகாரத் துறை பள்ளிவாசல்களுக்கும் கோயில்களுக்கும் மானியம் கொடுத்தது. கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் அனுமதி தரும் கெடுபிடியும் அதன் கையில் இருந்தது. 1937இல் அரசியல் சீர்திருத்தத்துக்காக அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் திவான் பகதூர் எஸ். அரவமுது அய்யங்கார் என்ற வழக்கறிஞர். அந்தச் சீர்திருத்தங்களிலும் இறுதி அதிகாரம் மன்னரை விட்டு நகரவில்லை. அதே சமயம் அந்த அதிகாரத்துக்கு மேலே இன்னொன்று இருந்தது. 1926 மார்ச் 27 அன்று வைஸ்ராய் ரீடிங் எழுதிய கடிதம், பிரிட்டிஷ் முடியின் இறைமையே இந்தியாவில் உச்சமானது, அதற்குச் சமமாக நின்று எந்த மன்னரும் பேச முடியாது என்று உஸ்மான் அலீ கானுக்குத் தெரிவித்துவிட்டது. இறைவனின் நிழலுக்கு லண்டனிலும் ஒரு மேலிடம் இருந்தது.

நிழலின் மீது நம்பிக்கை தளர்ந்தபோது ஹைதராபாத்தில் இரண்டு புதிய பதில்கள் பிறந்தன. ஒன்று மஜ்லிஸ்-எ-இத்திஹாதுல் முஸ்லிமீன் கொடுத்தது. 1927இல் தொடங்கிய அந்த அமைப்பு, 1930களின் இறுதியில் பகதூர் யார் ஜங்கின் தலைமையில் பெருந்திரளை ஈர்த்தது. உருது மேடைப் பேச்சில் அவருக்கு இணை அந்நாளில் குறைவு. ஆட்சியுரிமை மன்னரின் தனிச்சொத்து அல்ல, ஹைதராபாத் முஸ்லிம் சமூகத்துக்கு உரியது, அரியணை அதன் அடையாளம் மட்டுமே என்பது அந்த அமைப்பின் கொள்கை. ‘அனல் மலிக்’, அதாவது ‘நானே அரசன்’ என்ற முழக்கம் அதைத்தான் சொன்னது. மன்சூர் ஹல்லாஜின் ‘அனல் ஹக்’ என்ற சூஃபி வாக்கின் ஓசை அதில் கேட்கும். ஆனால் 1941 கணக்கெடுப்பில் சமஸ்தானத்தின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 63 லட்சம். முஸ்லிம்கள் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. எட்டில் ஒருவர் ‘நானே அரசன்’ என்றால் மீதி ஏழு பேர் யார் என்ற கேள்விக்கு அந்த முழக்கத்தில் இடமே இல்லை. பகதூர் யார் ஜங் 1944இல் இறந்தார். 1946இல் தலைமைக்கு வந்த காசிம் ரஜ்வியின் ரஜாக்கர் படை அந்தக் கேள்விக்கு வன்முறையால் பதில் சொல்ல முனைந்தது.

மற்றொரு பதில் மௌதூதியுடையது. அது உருவான சூழலில் முக்கியமானது உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் மொழிபெயர்ப்புத் துறை. எல்லாப் பாடங்களையும் உருதுவில் கற்பிக்கும் பல்கலைக்கழகம் அமைக்க 1917இல் நிஜாம் ‘ஃபர்மான்’ என்னும் அரசாணை பிறப்பித்ததும், பாடநூல்களை உருவாக்க அதே ஆண்டு ‘தாருத் தர்ஜுமா’ தொடங்கியது. மௌல்வி அப்துல் ஹக் அதன் முதல் தலைவர். வேதியியல் முதல் அரசியல் வரை ஒவ்வொரு மேலைச் சொல்லுக்கும் நிகரான சொல்லை அரபு, பாரசீகம், இந்தி மூன்றிலிருந்தும் தேடிக் கூட்டங்கூடி முடிவு செய்தார்கள். வஹீதுத்தீன் சலீம் கலைச்சொல்லாக்கத்துக்கென்றே 1921இல் ஒரு நூல் வெளியிட்டார். தமிழில் பின்னாளில் நடந்த கலைச்சொல் முயற்சிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க பெரும்பணி அது. மௌதூதியின் அண்ணன் அபுல் கைர் அங்கே பணியாற்றினார். டெல்லியில் ‘அல்-ஜம்இய்யத்’ இதழின் ஆசிரியப் பொறுப்பை விட்டு 1928இல் ஹைதராபாத்துக்கு வந்த மௌதூதியும் அத்துறைக்காக முல்லா சத்ராவின் தத்துவ நூலில் ஒரு பகுதியை உருதுவாக்கினார். செல்ஜூக்குகளின் வரலாற்றையும் தக்காண வரலாற்றையும் எழுதினார். பள்ளி மாணவர்களுக்காக ‘ரிசாலா-எ-தீனியாத்’ என்ற நூலை 1932இல் எழுதினார். அதையொட்டி ‘தர்ஜுமானுல் குர்ஆன்’ மாத இதழ் அவர் கைக்கு வந்தது. ஒரு சொல்லை எடுத்து, அதன் வேரைக் காட்டி, பொருளை வரையறுத்து, அதன் மேல் வாதத்தை அடுக்கிக்கொண்டு போகும் எழுத்துமுறை அந்த இதழில்தான் தேர்ச்சி பெற்றது.

1938 மார்ச்சில் அவர் ஹைதராபாத்தை விட்டுப் பஞ்சாபில் பதான்கோட் அருகே குடியேறினார். கவிஞர் இக்பாலின் ஊக்கமும் சவுத்ரி நியாஸ் அலீ கான் கொடுத்த நிலமும் அதற்குக் காரணம். 1939இல் லாகூரில் இஸ்லாத்தின் அரசியல் கோட்பாடு பற்றி ஆற்றிய உரையில் அவர் தன் கருத்தைக் கட்டுக்கோப்பாகச் சொன்னார். ஆணையிடும் உரிமை, சட்டம் இயற்றும் உரிமை இரண்டும் இறைவனுக்கே; மன்னருக்கும் இல்லை, ஒரு சமூகத்துக்கும் இல்லை, தேர்தலில் வென்ற பெரும்பான்மைக்கும் இல்லை. ‘ஜில்லுல்லாஹ்’ பட்டமும் ‘அனல் மலிக்’ முழக்கமும் இந்த ஒரே வரையறையில் சேர்ந்தே விழுகின்றன. மேலைநாட்டுத் ‘தியாக்ரசி’யையும் அவர் ஏற்கவில்லை, அது கடவுளின் பெயரால் ஒரு குருமார் வகுப்பு தன் சொந்தச் சட்டத்தைத் திணிப்பது என்றார். நம்பிக்கையாளர் ஒவ்வொருவரும் இறைவனின் கலீஃபா என்பதால் ஆட்சிப் பொறுப்பு எல்லோருக்கும் பொது என்று வாதிட்டு, ‘தியோ-டெமாக்ரசி’ என்று ஆங்கிலத்தில் ஒரு புதுச்சொல்லையும், ‘இலாஹி ஜம்ஹூரி ஹுகூமத்’ என்று உருதுவில் அதற்கு நிகரையும் உண்டாக்கினார். 1941 ஆகஸ்ட் 26 அன்று லாகூரில் 75 பேருடன் ஜமாஅத்-எ-இஸ்லாமி உருவானபோது, ஹுகூமத்-எ-இலாஹியாவை நிறுவுவதே அதன் குறிக்கோளாயிற்று. இலாஹ், ரப், இபாதத், தீன் என்னும் நான்கு குர்ஆனியச் சொற்களுக்கு அவர் எழுதிய விளக்கநூலும் அந்த ஆண்டுகளில் வந்தது. மன்னராட்சி மீதான விமர்சனத்தை அவர் கைவிடவே இல்லை. 1966இல் வந்த ‘கிலாஃபத் ஓ முலூகியத்’ என்ற நூல் கலீஃபாவின் ஆட்சி மன்னராட்சியாகச் சரிந்த கதையைச் சொல்கிறது.

மன்னரின் பெருமையை உடைத்ததில் இந்தக் கோட்பாட்டுக்கு வலிமை உண்டு. ஆனால் இறைச்சட்டத்தை விளக்கிச் சொல்பவர் மனிதர்தானே, அவரைத் திருத்துவது யார் என்ற சிஃப்பீன் காலத்துக் கேள்விக்கு அது போதிய விடை தரவில்லை. இறைச்சட்டத்தை ஏற்காத குடிமக்களுக்குக் காப்பு தரப்பட்டது, ஆட்சியில் சமபங்கு தரப்படவில்லை. ஹைதராபாத்தைப் போன்ற ஒரு நாட்டில் அது சிறு குறை அல்ல.

இந்தியாவோடு இணையாமல் நின்ற சமஸ்தானத்துக்குள் 1948 செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை நுழைந்தது. 17ஆம் தேதி நிஜாம் போரை நிறுத்தச் சொன்னார். மறுநாள் அவருடைய தளபதி எல் எட்ரூஸ், இந்தியப் படையின் ஜெனரல் ஜே.என். சவுத்ரியிடம் சரணடைந்தார். ஆட்சியுரிமை யாருடையது என்ற கேள்வி அடுத்த ஆண்டு மூன்று நகரங்களில் மூன்று விதமாகத் தீர்ந்தது. 1949 மார்ச் 12 அன்று கராச்சியில் பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபை நிறைவேற்றிய குறிக்கோள் தீர்மானம், இறைமை இறைவனுக்கே உரியது, மக்கள் அதை ஒரு நம்பிக்கைப் பொறுப்பாகக் கையாள்கிறார்கள் என்று அறிவித்தது. இஸ்லாத்தில் குருமார் வகுப்பு இல்லை என்பதால் இது தியாக்ரசி ஆகாது என்று பிரதமர் லியாகத் அலீ கான் விளக்கினார். கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த இந்து உறுப்பினர்கள் அதை ஏற்கவில்லை. அக்டோபர் 17 அன்று டெல்லியில், முகவுரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் கொண்டுவந்த திருத்தம் 41க்கு 68 என்ற வாக்கில் தோற்றது. முகவுரை மக்களின் பெயரால் தொடங்கியது. நவம்பரில் ஹைதராபாத்தில் உஸ்மான் அலீ கான் அந்த அரசமைப்புச் சட்டத்தை ஏற்று ஃபர்மான் வெளியிட்டார். 1950 ஜனவரி 26 அன்று அவர் ‘ராஜபிரமுகர்’ என்னும் மாநிலத் தலைவர் ஆனார்.

இந்தியாவில் தங்கிய ஜமாஅத் உறுப்பினர்கள் 1948 ஏப்ரலில் அலகாபாத்தில் கூடித் தனி அமைப்பானார்கள். 1956இல் வகுத்த அமைப்புச் சட்டத்தில் ஹுகூமத்-எ-இலாஹியா என்ற தொடருக்குப் பதிலாக ‘இகாமத்-எ-தீன்’ என்பதைக் குறிக்கோளாக வைத்தார்கள். மார்க்கத்தை நிலைநாட்டல் என்று பொருள்படும் அத்தொடரில் அரசாங்கத்தைச் சுட்டும் சொல் இல்லை. அமைப்புக்குள்ளேயே வளர்ந்தவர்களிடமிருந்து அடுத்து விமர்சனம் வந்தது. மௌலானா வஹீதுத்தீன் கான் 1963இல் வெளியிட்ட ‘தஅபீர் கி கலதி’ என்ற நூலில், மௌதூதி மார்க்கம் முழுவதையும் அரசியல் கண்ணாடி வழியே பார்த்துப் பொருள் கொண்டதே பிழை என்றார். 1978இல் அபுல் ஹசன் அலீ நத்வியும் தன் நூலில், அந்த நான்கு குர்ஆனியச் சொற்களுக்கு மௌதூதி கொடுத்த விளக்கம் இறைவனுக்கும் அடியானுக்கும் உள்ள உறவை ஆள்பவன், ஆளப்படுபவன் என்ற ஒற்றை உறவாகச் சுருக்கிவிடுகிறது என்று எழுதினார். அன்பும் தொழுகையும் வேண்டுதலும் அதில் பின்னுக்குப் போய்விடுகின்றன என்பது அவருடைய வாதம். மௌதூதி அதற்கு அடுத்த ஆண்டு, 1979 செப்டம்பர் 22 அன்று, காலமானார்.